தவிலுக்கு மூன்றடி தூரத்தில்

புவனேந்திரனுக்கு வைத்தியம் பார்க்காத ஆள் பதுளைப் பக்கம் யாராவது மிச்சம் இருந்தால், அது கைக்குழந்தையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நேற்று ஊருக்கு வந்தவராக இருக்க வேண்டும். மற்ற எல்லாரும் ஒரு கை பார்த்துவிட்டார்கள்.

நோய்க்குப் பெயர் வைத்தவர்களும் குறைவில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் இங்கிலீசில் நாலு எழுத்தைச் சொன்னார். குருவிமலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி, காத்துக் கருப்பு என்றார். ஹாலிஎலவுக்குக் கீழே இருக்கிற சிங்கள நாட்டு வைத்தியர் வெத மாத்தையா, தலைக்குள் வாயு ஏறி நிற்கிறது, இறங்க வழி தெரியாமல் முட்டுகிறது என்றார். புவனேந்திரனின் மனைவி விஜயலெட்சுமி மட்டும் பெயர் எதுவும் வைக்கவில்லை. அவருக்குச் சத்தம் ஆகாது என்பாள். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று சொல்வோமே, அந்த மாதிரி.

விசயம் இதுதான். கதவை யாராவது படாரென்று சாத்தினால் புவனேந்திரன் கட்டிலுக்கு அடியில் இருப்பார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. குழாயடியில் வாளி விழுந்தால் சுவரோரம் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இடுப்புச் சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மழை வரும்போல" என்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மழை வரும்போல என்பார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் சனங்களும் வானத்தை அண்ணாந்து பார்த்து, ஆமாங்க, வரும்போலத்தான் இருக்கு என்பார்கள். நல்ல சனங்கள்.

ஆள் ஒரு காலத்தில் ஆமியில் இருந்தவர். லயத்தில் பிறந்த தமிழன் ஆமிக்குப் போன கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். பத்தொன்பது வயதில், கூடப் படித்த சிங்களச் சிநேகிதன் ஒருவன் ஆள் சேர்க்கிற இடத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டான் என்று போனார். சிநேகிதனுக்குப் பாதம் தட்டை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துணைக்குப் போனவரை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் பெயர் பதிந்தாலும் கொழுந்துக் கூடைதான், இங்கே காலுக்குச் சப்பாத்தாவது தருகிறார்களே என்று இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். துவக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார்கள், சரியாக வரவில்லை. சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள், அது வந்தது. பதினாலு வருசம் கிடாரமும் அகப்பையுமாக வடக்கே முகாம் முகாமாகப் போனார்.

முகாமில் அவரை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில் இருந்த அதிகாரி ஒருவர், சாப்பாடு பரிமாறும் முன் முதல் தட்டைப் புவனேந்திரனே தன் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தார். சமையற்காரன் ருசி பார்ப்பது எங்கேயும் உள்ளதுதானே என்று சொல்லிச் சிரித்தாராம். மற்றச் சமையற்காரர்களுக்கு அந்த வழக்கம் இருக்கவில்லை. லீவில் தோட்டத்துக்கு வந்தால் இங்கே கதை வேறு. இளவட்டங்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். அங்கே தமிழன், இங்கே ஆமிக்காரன். இரண்டு பக்கமும் அவர் பருப்பில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் காலை, முந்நூறு பேருக்குப் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது முகாமுக்கு மேல் ஷெல் விழுந்தது. ஷெல் அடிக்கிறவர்கள் தூரத்தில் அடிக்கும்போது ‘டுப்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. விழுகிற வரைக்கும் ஒரு காக்காய்கூடக் கத்தாத மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில்தான் விறகைத் தள்ளக் குனிந்தார். நிமிர்ந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள் இரண்டு பேரும் இல்லை. இடது காது பாதி போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பென்சன் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடைவெளியைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்தாம் நம்பர் லயமே அவருக்காக வாழப் பழகிக்கொண்டது. பத்துக் காம்பராவிலும் கதவை உள்ளங்கை வைத்துத்தான் சாத்துவார்கள். பிரஷர் குக்கர் ஒருவரும் வாங்கவில்லை. விஜயலெட்சுமி அடுப்புக்குப் பக்கத்தில் பழைய சாக்கை நாலாய் மடித்துப் போட்டு, சட்டி பானையை அதன்மேல்தான் இறக்குவாள். பதினேழு வருசம் ஒரு மூடி ‘ணங்’ என்று விழுந்ததில்லை. புருசனோடு கோபம் என்றால் பெண்பிள்ளைக்குச் சட்டி பானைதான் வாய். அவளுக்கு அந்த வாயும் இல்லாமல் போயிற்று. கோபம் வந்தால் கொழுந்து மலைக்குப் போய் ஒரு கிலோ கூடுதலாகக் கிள்ளிக்கொண்டு வருவாள்.

புவனேந்திரனுக்கு வேலை பதுளைக் கடைவீதியில், இத்ரூஸ் நானாவின் துணிக்கடையில். துணிக்கடை சத்தம் இல்லாத வியாபாரம் என்று நானாவே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். தீபாவளிக்குத் தோட்டம் முழுக்க வெடி வெடிக்கும் என்பதால் புவனேந்திரன் அன்றைக்கு நானா வீட்டில்தான் இருப்பார். புதுச் சாரம் கட்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, முஸ்லிம் வீட்டில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுத் தீபாவளி கொண்டாடுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

வைத்தியங்களுக்கு வருவோம். வெத மாத்தையா தலையை மழித்து ஏழு நாள் பச்சிலை அரைத்துப் பூசினார். சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பேன் போயிற்று. பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்து நூல் கட்டினார். ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு நூல் ஏறி, இடது மணிக்கட்டு வளையல் போட்ட மாதிரி ஆனது. நானாவின் மனைவி ஸைனப் பள்ளிவாசலிலிருந்து ஓதின தண்ணீர் போத்தலில் வாங்கிக் கொடுத்துவிட்டார். புவனேந்திரன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார், தாகம் தீர்ந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை மட்டும் நன்றாகவே வேலை செய்தது. தூக்கம் வந்தது. கடையில் நின்றபடியும் வந்தது. இரண்டு யார் துணி கேட்டவருக்கு நாலு யார் கிழித்துக் கொடுத்த பிறகு டொக்டர் அளவைக் குறைத்தார்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு தடவை, மகள் யசோதினியின் சடங்கில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருக்கிறாள். எச்சரிக்கை தெரியாத உறவுக்காரன் எவனோ பட்டாசுக் கட்டைக் கொளுத்திவிட்டான். புவனேந்திரன் பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கரைக் காப்பாற்றினார். கீழே தள்ளி, மேலே படுத்து, தலையைத் தூக்காதே என்று சிங்களத்தில் கத்தியபடி, பட்டாசு முடிந்து பத்து நிமிசம் வரை எழும்ப விடவில்லை. கிளாக்கர் வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். ஆரத்தித் தட்டு கவிழ்ந்து மஞ்சளும் சுண்ணாம்பும் அவர் காற்சட்டையில் செக்கச்செவேலென்று ஊற்றியிருந்தது. அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துப் புவனேந்திரன் அழுத அழுகைதான் யசோதினிக்குச் சடங்கு என்றதும் ஞாபகம் வரும்.

அந்தப் பிள்ளைக்கு இருபத்து மூன்று வயதில் லுணுகலையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம், ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. தோட்டத்துக் கோயிலில், ஏழு மாதம் கழித்து. பட்டாசு வேண்டாம் என்று விஜயலெட்சுமி கேட்டதற்கு அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் கெட்டிமேளத்தை என்ன செய்வது? தாலி கட்டுகிற நேரம் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக இடிக்கிற இடியை எந்த வாயால் வேண்டாம் என்பது? அதே நேரம் மணவறையில் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியவர் பெற்ற அப்பன்.

விஜயலெட்சுமி இதைப் பத்து நாள் மனதுக்குள் உருட்டிவிட்டு ஒரு சாயந்தரம் தேத்தண்ணியோடு சேர்த்துச் சொன்னாள்.

"ஏங்க, தாரை வார்க்கிறதுக்கு நம்ம சிவஞானந் தம்பியே நிக்கட்டுமே. மேளம் ஓஞ்சதும் நீங்க வந்து அட்சதை போடுங்க."

சிவஞானம் புவனேந்திரனின் தம்பி, தேயிலை மெசின் ஓடுகிற ஸ்டோரில் வேலை, காதில் எந்தச் சத்தமும் ஏறாது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. புவனேந்திரன் சரி என்றார். வெளியே போய், லயத்துத் தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே யசோதினி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, நீங்க நிக்கலன்னா எனக்குப் பரவால்லப்பா. நெசமாத்தான் சொல்றேன்."

ஒரு பாட்டம் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பரவாயில்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை. பதினேழு வருசமாகத் தன்னிடம் எல்லாரும் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மகள் கல்யாணத்தில் நான்தான் நிற்பேன் என்று கானைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். சத்தமாக இல்லை. சத்தம் ஆகாதே.

அந்த மாதமே பண்டாரவளைப் பக்கம் பழைய பங்களா ஒன்றில், ஆமியிலிருந்து வந்தவர்களுக்கு மருந்தில்லாத வைத்தியம் கொடுக்கிறார்கள் என்று நானா கேள்விப்பட்டு வந்து சொன்னார். சனிக்கிழமைகளில் லீவு கொடுத்து அவரே அனுப்பியும் வைத்தார். நடத்தியவள் ஸனா என்று ஒரு பிள்ளை, மனநலம் படித்தவள், மூன்று பாசையும் பேசுவாள். பன்னிரண்டு பேர் வந்தார்கள். புவனேந்திரன் ஒருவர்தான் தமிழ்.

முதல் வைத்தியம் மண்ணில் வேலை செய்வது. புல் வெட்டி, கன்று நட்டு, மண்ணைக் கையால் பிசைந்தால் மனம் ஆறும் என்று ஸனா சொன்னாள். புவனேந்திரன் அவள் கையிலிருந்த சுரண்டியை வாங்கி அரை மணியில் பாத்தி முழுவதையும் முடித்து, அடுத்த ஆள் பாத்தியையும் வெட்டிக் கொடுத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தோட்டத்தில் எங்கள் நாலு தலைமுறை இந்த வைத்தியம்தான் செய்தது, யாருக்கும் ஆறின மாதிரி தெரியவில்லை என்றார். ஸனா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவரை அதற்குப் பிறகு புல் வெட்டக் கூப்பிடவில்லை.

அடுத்தது படம் வரைவது. புவனேந்திரன் ஒரு கிடாரம் வரைந்தார். ஸனா பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். அடியில் ஏன் கறுப்பு என்று கேட்டாள். அடி பிடித்தால் கறுப்புத்தானே என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்றாள்.

"பருப்பு."

"யாரு சாப்பிட்டாங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "யாரும் சாப்புடலங்க மிஸ்," என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பதினேழு வருசம் ஆயிற்று. ஸனா ஒன்றும் எழுதவில்லை, சும்மா கூட உட்கார்ந்திருந்தாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து எட்டு எண்ணி விடுவதை அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். அது கொஞ்சம் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு, அவசரப்பட்டால் கஞ்சி காலில் ஊற்றும்.

மூன்றாவதாக ஒரு வெண்கலக் கிண்ணம் கொண்டுவந்தாள். அதைக் கட்டையால் தட்டினால் வருகிற ஓசையில் உடம்பு இளகுமாம். ஒரு தட்டுத் தட்டினாள். புவனேந்திரன் பங்களா வாசலில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஸனா பின்னால் வந்து, பயப்பட வேண்டாம், இன்றைக்கு அந்த மரத்தடியில் நின்று கேளுங்கள், முடிந்தால் அடுத்த வாரம் ஒரு அடி கிட்ட வாருங்கள் என்றாள். இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. சமையற்காரனுக்குத் தெரியாததா? ஆனால் கிண்ணத்தை மகள் கல்யாணத்தில் வாசிக்கப் போவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புவனேந்திரன் நேரே ஹாலிஎல ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கிற ஜெயரூபன் வீட்டுக்குப் போனார். ஜெயரூபன் மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறவர், முகூர்த்த நாளில் தவில்காரர். கல்யாணத்துக்குப் பேசியிருந்ததும் அவரைத்தான். ஞாயிறு பின்னேரம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகுவார். வந்தவரைக் கண்டு எழுந்து, உள்ளே வரச் சொல்லி, பாயைத் தட்டிப் போட்டார்.

"வேணாந் தம்பி, நான் அந்த ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்துக்கிறேன். உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடணும். மொத்தமாக் கொட்டிட்டா எடுக்க ஏலாது. வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க. சரிவரலன்னா அதுக வேற நொந்து போகுங்க."

ஜெயரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தலையாட்டினார். தவிலில் ஒரு தட்டுத் தட்டினார். பெஞ்சில் இருந்த புவனேந்திரன், நின்றுகொண்டிருந்த ரயிலில் ஏறிவிட்டார். தெமோதரையில் இறங்கி, திரும்பி வர இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுக்க நின்றதில் நேரமாயிற்று என்று வீட்டில் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ரயில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். இரண்டாம் மாதம் பெஞ்சிலிருந்து மதகுக்கு வந்தார். மதகிலிருந்து தேத்தண்ணிக் கடை. அங்கிருந்து பலா மரம். பலா மரத்தடியில் ஒரு நாள் பழமும் தவிலும் ஒன்றாக விழுந்ததால் திரும்பவும் மதகுக்கே போக வேண்டி வந்தது. ஜெயரூபனும் சும்மா சொல்லக்கூடாது, பொறுமையான மனுசன். ஒரு நாள் அவர் சொன்ன ஒரு விசயம்தான் ஆயிரம் மாத்திரைக்குச் சமம்.

"அண்ணே, கெட்டிமேளம் சொல்லாம வராது. ஐயர் கையைத் தூக்குவாரு, வாயைத் தொறந்து சொல்லுவாரு, அதுக்கப்புறந்தான் நான் அடிப்பேன். யோசிச்சுப் பாருங்க."

புவனேந்திரன் யோசித்துப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து ஐயர் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மூச்சை எட்டு எண்ணி விட்டு, கையைத் தூக்கி, கெட்டிமேளம் என்பார். ஜெயரூபன் அடிப்பார். அவர் சொல்லி வருகிற சத்தம் அவருக்கு வேறு மாதிரி இருந்தது. நடுங்கத்தான் நடுங்கினார், ஆனால் உட்கார்ந்த இடத்தில் நடுங்கினார். ஆடி முடியும்போது தவிலுக்கு மூன்றடி தூரத்தில், பாய்மேல், சம்மணம் போட்டு இருந்தார். ஜெயரூபன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அண்ணே, இதுக்குக் கிட்ட வர்றதுன்னா தவிலுக்குள்ளதான் வரணும் என்றார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புவனேந்திரன் வீட்டில் சொன்னார். தாரை நான்தான் வார்ப்பேன், மேளம் முடியும் வரை நான்தான் நிற்பேன். அவ்வளவுதான் சொன்னார். எப்படி என்று விஜயலெட்சுமி கேட்கவில்லை. சரிங்க என்றாள். பெற்ற மகளுக்காக மனுசன் உயிரைக் கொடுத்து நிற்கப் பார்க்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. விடக்கூடாது என்று முடிவு செய்தாள். பாசம் வைத்தவர்கள் செய்கிற தப்பை அவளும் செய்தாள்.

கல்யாணத்தன்று காலையில், புருசன் வேட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போய் ஐயரிடம் கெஞ்சினாள், தாலி கட்டும்போது கெட்டிமேளம் என்று சொல்ல வேண்டாம் என்று. ஐயர் அதிர்ந்து போனார். அந்த நேரம் யாராவது தும்மினால் அபசகுனம், மேளம் இருந்தால்தானே மறைக்கும் என்றார். யாரும் தும்மாம நான் பார்த்துக்கிறேன் சாமி என்றாள். சொன்னபடி வரிசை வரிசையாகப் போய், தாலி கட்டுகிறவரை யாரும் தும்மக்கூடாது, இருமக்கூடாது, பிள்ளைகளின் வாயில் பிஸ்கட் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஐந்தாம் நம்பர் லயத்துக்குச் சொல்லவே தேவையில்லை. சிவஞானத்திடம் அண்ணன் பின்னாலேயே நில்லு, சாய்ந்தால் பிடி என்றாள். கடைசியாக ஜெயரூபனிடம் வந்தாள்.

"தம்பி, தாலி கட்டுறப்ப மட்டும் அடிக்காதீங்க. அவருக்கு ஆகாது."

வீட்டில் யாருக்கும் சொல்லாதீங்க என்றது ஜெயரூபனுக்கு ஞாபகம் வந்தது. கடைசி நேரத்தில் தைரியம் விட்டுப்போய், அண்ணன்தான் அக்காவை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். இத்தனை ஞாயிறும் வீணாய்ப் போயிற்றே என்று தவில் வாரை ஒரு தடவை இறுக்கினார். சரிக்கா என்றார்.

தாரை வார்த்து முடிந்தது. புவனேந்திரன் தண்ணீர்ச் செம்போடு ஒதுங்கி நின்றார். ஐயர் தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோய்க் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நாதஸ்வரம் நின்றது. தவில் நின்றது. புவனேந்திரன் நாலு எண்ணி இழுத்தார், எட்டு எண்ணி விட்டார், ஐயரின் கையைப் பார்த்தார். கை எழும்பவில்லை. இருநூறு பேர் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை அழவில்லை. ஒரு வளையல் குலுங்கவில்லை.

சத்தத்துக்கு ஆறு மாதம் பழகியிருந்தார். இதற்குப் பழகவில்லை. இந்த அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும். ‘டுப்’ என்ற பிறகு, விழுகிறதற்கு முன்னால் வருகிற அதே அமைதி. செம்பிலிருந்த மிச்சத் தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. பின்னால் சிவஞானம் ஓரடி முன்னால் வந்தான். எங்கே விழப் போகிறது, யார் தலையில் விழப் போகிறது என்று புவனேந்திரனின் கண் கூரையைத் தேடியது, வாசலைத் தேடியது, முன்வரிசை நாற்காலிகளைத் தேடியது.

முன்வரிசையில் பெரிய கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், அன்றைக்கும் வெள்ளைக் காற்சட்டைதான். ஓமப்புகை நேரே அவர் முகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மூக்கு விடைத்திருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, கண் மேலே செருகியிருந்தது. கையால் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தார், ஆனாலும் பிடி நிற்காது என்று அவர் முகமே சொன்னது. இங்கே தாலி யசோதினியின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

விழப்போவது அதுதான் என்று புவனேந்திரனுக்கு விளங்கியது. பெற்ற மகளின் தாலியில் தும்மல் விழப் போகிறது. அவர் கை தானாக மேலே போனது.

"கெட்டிமேளம்! ஜெயரூபன் தம்பி, கெட்டிமேளம்!"

ஆறு மாதப் பழக்கம். ஜெயரூபனின் கை அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் கேட்கவில்லை, அண்ணனின் குரலைத்தான் கேட்டது. கோயில் அதிர்ந்தது. கூரையில் இருந்த புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. மூன்று முடிச்சுக்கும் பெரிய கிளாக்கர் மூன்று தும்மல் தும்மினார் என்று அவர் சம்சாரம் பிறகு சொல்லித்தான் தெரியும். ஒன்றும் ஒருவர் காதிலும் விழவில்லை. கெட்டிமேளம் என்று ஒன்றை வைத்தவன் பின்னே எதற்கு வைத்தான்?

சிவஞானம் சொன்னபடி அண்ணனைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப் பிடித்தான். விடுறா, நிக்கிறேன்ல என்றார் புவனேந்திரன். உடம்பு முழுக்க நடுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, தூக்கிய கையை இறக்க மறந்துபோய் நின்றார். ஆனால் நின்றார். கழுத்தில் தாலி ஏறிய பெண் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், யசோதினி திரும்பி அப்பாவைத்தான் பார்த்தாள். படம் எடுத்தவன் அதைத்தான் எடுத்தான்.

பெண்ணை லுணுகலைக்கு அனுப்பிவிட்டு, சொந்தபந்தமெல்லாம் போன பிறகு, பின்னேரம் விஜயலெட்சுமி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். புவனேந்திரன் வாசற்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அதுவரை சொல்லாத விசயத்தை இப்போது சொன்னார். ஸ்டேசன் பெஞ்சு, மதகு, பலா மரம், பாய். அவள் தேய்த்த சட்டியையே திரும்பவும் தேய்த்தாள். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் இந்த மனுசன் மாத்திரைக்குப் போகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு வேலாயியிடம் எத்தனை தடவை அழுதிருப்பாள். ஐயரிடம் எப்படிக் கெஞ்சினாள். ஊரையே தும்மாதே என்றாளே.

சோற்றுச் சட்டியின் மூடி கையில் இருந்தது. சாக்கு கீழே நாலாய் மடித்துக் கிடந்தது. விஜயலெட்சுமி சாக்கைக் காலால் ஒதுக்கிவிட்டு, மூடியைச் சிமெந்துத் தரையில் ஓங்கிப் போட்டாள்.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

மூடி சுற்றிச் சுற்றி அடங்க வெகுநேரம் ஆனது. தேத்தண்ணி பாதி அவர் வேட்டியில் ஊற்றிவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எட்டு எண்ணி மூச்சை விட்டுக்கொண்டு, புவனேந்திரன் படியிலேயே இருந்தார். "தோணல, தப்புத்தான்" என்றார். அவள் சட்டியையும் தூக்கிப் போட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராவிலிருந்து வேலாயி பதறி ஓடிவந்தாள். படியில் உட்கார்ந்திருக்கிற புவனேந்திரனைப் பார்த்தாள், உருண்டு கிடக்கிற சட்டியைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைக்கிற விஜயலெட்சுமியைப் பார்த்தாள்.

"மழை வரும்போல" என்றாள் விஜயலெட்சுமி.

வேலாயி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆமாக்கா, வரும்போலத்தான் இருக்கு என்றாள். தன் காம்பராவுக்குத் திரும்பிப் போய், கதவைக் கையை வைத்துப் பிடிக்காமல் அப்படியே சாத்தினாள்.